ஏர்லி ஆக்சஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

ராக்கெட் கட்டி விண்ணுக்கு அனுப்பும் கேம்களைப் பற்றி யார் பேசினாலும் இந்தச் சொல் வந்துவிடும். "அது இன்னும் ஏர்லி ஆக்சஸ்லதான் இருக்கு" என்போம், கேட்பவருக்கும் புரிந்துவிடும். முடியாத ஒரு கேமை, இன்னும் முடியவில்லை என்று சொல்லியே காசுக்கு விற்பதுதான் ஏர்லி ஆக்சஸ். வாங்கியவர் இப்போதே விளையாடலாம், விற்ற காசில் மீதி வேலை நடக்கும், பிறகு வரும் அப்டேட்டுகளுக்கு அவர் தனியாகக் காசு தர வேண்டாம். டெமோ என்றால் இலவசம், அதனால் இது டெமோ இல்லை. முன்பதிவும் இல்லை, ஏனென்றால் முன்பதிவு செய்தவருக்கு வெளியீட்டு நாள்வரை கையில் ஒன்றும் கிடைக்காது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். ஏர்லி என்பது பழைய ஆங்கிலத்தில் 'முன்' என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. ஆக்சஸுக்கு மூலம் லத்தீன், அங்கே அதற்கு 'அருகே போதல்' என்று பொருள். நம் 'அணுகு' என்ற வினையும் அதையேதான் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் 'முன்னதாக நெருங்க விடுவது' என்று ஆகும். அதாவது கதவு திறக்கும் முன்பே உன்னை மட்டும் உள்ளே விடுகிறோம், இது உனக்குக் கிடைத்த சலுகை என்கிற தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இப்படி விற்கும் வழக்கம் இந்தப் பெயரைவிடப் பழையது. மைன்கிராஃப்ட் 2009இலேயே பாதி கட்டிய நிலையில் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. அப்போதெல்லாம் சோதனைக் கட்டங்களின் பெயரான ஆல்ஃபா, பீட்டா என்றுதான் சொன்னார்கள். கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2013 மார்ச்சில் ஏர்லி ஆக்சஸ் என்று தனிப் பகுதி திறந்த பிறகுதான் இந்தப் பெயர் நிலைத்தது. முதல் நாள் அங்கே இருந்தவை 12 கேம்கள், அதில் ஒன்று கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். பெயர் பிறந்த அன்றே ஒரு விண்வெளி கேம் அதன் கீழ் இருந்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை, இந்த வகைக் கேம்கள் பிழைக்க வேறு வழி அதிகம் இருக்கவில்லை.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேம்கள் தசம எண்களைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளும் முறையில் ஏறக்குறைய 7 இலக்கத் துல்லியம்தான் உண்டு. ஒரு தெருவையோ ஊரையோ காட்டும் கேமுக்கு அது தாராளம். ஆனால் மையப் புள்ளியிலிருந்து 10,000 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த எண் ஒரு மீட்டருக்குக் கீழ் எதையும் பிரித்துச் சொல்லாது. கெர்பலின் ஆரம்ப நாட்களில் தூரமாகப் போன கப்பல்கள் தானாகவே அதிர்ந்து, உதறி, துண்டு துண்டாகச் சிதறின. விளையாடுபவர்கள் அதற்கு ஒரு கடல் பூதத்தின் பெயரை வைத்து, கிராக்கன் அடித்துவிட்டது என்றார்கள். கப்பல் நகர்வதற்குப் பதிலாகக் கப்பலையே மையமாக வைத்து உலகம் நகரும்படி கணக்கை மாற்றி எழுதித்தான் அந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தார்கள். இதற்குப் பல மாத வேலை போனாலும் விளம்பரப் படத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. வெடிப்பும் துப்பாக்கியும் உள்ள கேமுக்குப் பணம் போடுபவரிடம் ஒரு நிமிடக் காட்சியைக் காட்டினால் போதும், "சுற்றுப்பாதையில் கப்பல் இனி நடுங்காது" என்பதை எப்படிக் காட்டி அவரிடம் காசு வாங்குவது? அதோடு, விளையாடுபவர் எண்ணிக்கையும் சிறியது, கற்றுக்கொள்ளவும் நாளாகும். பணம் போடும் நிறுவனங்கள் ஒதுங்குவதற்கு இவ்வளவு போதும்.

கெர்பலுக்குப் பணம் போட்டது ஒரு கேம் நிறுவனமே அல்ல. மெக்சிகோ நகரத்தில் விளம்பர, சந்தைப்படுத்தல் வேலை செய்துகொண்டிருந்த ஸ்குவாட் என்ற நிறுவனம் அது. அங்கே வேலை பார்த்த ஃபெலிப்பே ஃபலாங்கே கேம் செய்வதற்காக வேலையை விடப் போக, இங்கேயே செய் என்று நிறுத்திக்கொண்டார்கள். 2011 ஜனவரியில் வேலை ஆரம்பித்து, ஜூன் மாதமே முதல் பதிப்பை வெளியே விட்டார்கள். அதில் போய் இறங்க நிலவுகூடக் கிடையாது. நிலவு வந்தது பிறகு, மற்ற கோள்களும் இரண்டு கப்பல்களை இணைக்கும் வசதியும் வந்தது 2012இல். கேம் வளர வளர விலையும் படிப்படியாக ஏறியது. 2013 ஏப்ரல் முடிவதற்குள் வாங்கியவர்களுக்கு இனி வரும் விரிவாக்கங்கள் எல்லாம் இலவசம் என்று ஒரு வாக்குறுதி. விரிவாக்கங்கள் 2018இலும் 2019இலும்தான் வந்தன, அதற்குள் கேமே டேக்-டூ என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது, ஆனாலும் ஆரம்பத்தில் வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். முழு வெளியீடு என்று அறிவித்தது 2015 ஏப்ரலில். அந்த நாலு வருடமும் வாங்கியவர்கள் காசோடு சேர்த்துப் பொறுமையையும், எங்கே எது உடைகிறது என்ற தகவலையும் கொடுத்தார்கள். இது வாங்கியவருக்குக் காட்டிய சலுகை என்று என்னால் நினைக்க முடியவில்லை, அவர்தான் கேமைத் தாங்கிப் பிடித்தார்.

இங்கே பக்கத்துச் சொல் ஒன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டர் மாதிரித் தளங்களில் நடப்பது கூட்டுநிதி. அங்கே காசு தரும்போது கையில் எதுவும் வராது, திட்டத்தை நம்பித் தருகிறோம். எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி கேம் 2012 இறுதியில் அப்படித் தொடங்கி 15 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது, 2014 டிசம்பரில் வெளியானது. அதில் ஆல்ஃபா கட்டத்திலேயே விளையாட வேண்டும் என்றால் 200 பவுண்டு. சீக்கிரம் வருபவருக்குக் கெர்பலில் விலை குறைவு, இங்கே விலை அதிகம், ஆனால் இரண்டையும் ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். இணையம் இல்லாமல் தனியாக விளையாடும் வசதி உண்டு என்று நிதி திரட்டும்போது சொல்லியிருந்தார்கள், வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது கிடையாது என்று அறிவித்தார்கள். அதை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் கொதித்ததில் தப்பே இல்லை. அதே 2012 அக்டோபரில் நிதி திரட்ட ஆரம்பித்த ஸ்டார் சிட்டிசன் என்ற இன்னொரு விண்வெளி கேம் 2022இல் 50 கோடி டாலரைத் தாண்டியது. 2014இல் முடியும் என்று சொன்ன கேம் அது, இன்னும் ஆல்ஃபாவில்தான் இருக்கிறது. பணம் குவிந்தால் கேம் முடிந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

சரி, கெர்பலின் அடுத்த பாகமான கெர்பல் 2க்கு வருவோம். 2019 ஆகஸ்டில் அறிவித்து, அடுத்த வருடமே வரும் என்றார்கள். நடுவில் முதலில் செய்துகொண்டிருந்த ஸ்டுடியோவிடமிருந்து வேலை பறிபோய், டேக்-டூ புதிதாக அமைத்த இன்டர்செப்ட் என்ற ஸ்டுடியோவுக்குப் போனது. கடைசியில் 2023 பிப்ரவரி 24 அன்று ஏர்லி ஆக்சஸில் வந்தது, விலை 50 டாலர். வேறு கோள்களில் குடியிருப்புகள், பிற நட்சத்திரங்களுக்குப் பயணம், பலர் சேர்ந்து விளையாடுவது என்று ரோட்மேப்பில், அதாவது இனி வரப்போகிறவற்றின் பட்டியலில், எல்லாம் இருந்தது. கேமில் அவை எதுவும் இல்லை. விண்கலம் திரும்பி வளிமண்டலத்துக்குள் நுழையும்போது சூடாவதுகூட இல்லை, அதற்கே அந்த வருட டிசம்பர் அப்டேட்வரை காத்திருந்தார்கள். 2024இல், இன்டர்செப்ட் இருந்த சியாட்டிலில் 70 பேருக்கு வேலை போகிறது என்ற அறிவிப்பு வந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு கேமில் எந்த அசைவும் இல்லை, ஆனால் ஸ்டீமில் அது ஏர்லி ஆக்சஸ் என்ற அதே பட்டையோடு விற்பனையில் இருந்தது. எனக்குக் கோபம் வரும் இடம் இது. ஒரு சின்ன அணி தன் இயலாமையை வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்பதற்காக வந்த பெயரை, கையில் பணம் இருக்கும் நிறுவனம் முழு விலைக்கு அரைகுறையை விற்கப் பயன்படுத்தினால் அந்தப் பெயர் இனி யாரைக் காப்பாற்றும்? நேர்மையாகத் தொடங்கும் அடுத்த சின்ன அணியின் மேலும் அதே சந்தேகம்தான் விழும். (2025இலிருந்து, நெடுநாளாக அப்டேட் வராத ஏர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில் ஸ்டீம் அதைக் குறிப்பிடுகிறது. நல்ல காரியம், முன்பே செய்திருக்கலாம்.)

இப்போது தமிழுக்கு வருவோம். 'முன்னணுகல்', 'முன்கூட்டிய அணுகல்' என்றெல்லாம் எழுதலாம். வேர் பார்த்தால் பொருத்தம்தான், மேலே சொன்னபடி அணுகு என்பது ஆக்சஸின் மூலப் பொருளோடு அப்படியே ஒட்டுகிறது. ஆனால் ஆங்கிலச் சொல்லில் எது குறையோ அதுவும் கூடவே வந்துவிடுகிறது: உனக்கு முன்னால் வழி விட்டோம் என்பது மட்டும் கேட்கிறது, பொருள் இன்னும் முடியவில்லை என்பது காதில் விழுவதே இல்லை. 'முன்னணுகலில் இருக்கிறது' என்ற வாக்கியத்தைக் கேம் பற்றித் தெரியாத ஒருவரிடம் சொன்னால் அவருக்கு எதுவுமே விளங்காது.

நம்மிடம் இதற்கு நெருங்கிய வழக்கம் ஏற்கெனவே உண்டு. பதிப்பகங்கள் பெரிய நூல்களுக்கு 'முன்வெளியீட்டுத் திட்டம்' அறிவிப்பார்கள், அச்சாகும் முன்பே குறைந்த விலையில் பணம் கட்டலாம். அதற்கும் முன்னால் 'கையொப்பம்' இருந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அச்சுச் செலவைச் சமாளிக்க முன்கூட்டியே கையொப்பம் சேர்த்துத்தான் வேலை பார்த்தார், அப்படிச் சேர்ந்தவர்களுக்குக் கையொப்பக்காரர்கள் என்றே பெயர். ஆதரவாளர் ஒரு பொறுப்பில் சேர்கிறார் என்பதை இந்தச் சொல் அழகாகச் சொல்கிறது. ஆனாலும் இவை இரண்டும் கூட்டுநிதிக்குத்தான் சரியாகப் பொருந்தும், புத்தகம் வரும்வரை கையில் ஒன்றும் இருக்காதே. கிக்ஸ்டார்ட்டரில் காசு தந்தவரைக் கையொப்பக்காரர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், இன்று அது கையெழுத்தை மட்டுமே குறிப்பதால் குழப்பம் வரும்.

ஏர்லி ஆக்சஸுக்கு என் தேர்வு 'வளர்நிலை வெளியீடு'. வாங்குபவரின் சலுகையை விட்டுவிட்டுப் பொருளின் நிலையை இது சொல்கிறது: வெளியாகிவிட்டது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எதிர்ச்சொல்லாக 'முழு வெளியீடு' தானாக வந்து உட்காரும். "கெர்பல் நான்கு ஆண்டு வளர்நிலையில் இருந்து 2015இல் முழு வெளியீடு கண்டது" என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது. இன்னொரு பயனும் இருக்கிறது. வளர்நிலை என்ற சொல் வளர்ச்சியைக் கேட்கிறது, வளர்ச்சி நின்றபின் அந்தச் சொல்லை ஒட்டவைக்க முடியாது. கெர்பல் 2ஐ வளர்நிலை வெளியீடு என்று எழுதினால் அது பொய் என்று படித்தவுடனே தெரிந்துவிடும், 'பாதியில் நின்ற வெளியீடு' என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

எல்லா வளரும் கேமுக்கும் இந்தப் பெயர் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000ஆம் ஆண்டிலிருந்து கொடுத்துவரும் ஆர்பிட்டர் என்ற விண்பயண கேம், இந்த வகையிலேயே கறாரான இயற்பியல் கொண்டவற்றில் ஒன்று, முழுக்க இலவசம். 2021இல் அதன் மூலநிரலையும் திறந்துவிட்டார், இப்போது யார் வேண்டுமானாலும் சேர்ந்து எழுதலாம். அங்கே விற்பனையே இல்லை என்பதால் ஏர்லி ஆக்சஸும் இல்லை, அதைக் கட்டற்ற மென்பொருள் என்றாலே போதும். கெர்பலுக்காக ரசிகர்கள் எழுதித் தரும் பிரின்சிபியா மாதிரியான மாட்களும் (அசல் கேமை மாற்றும் துணை நிரல்கள்) அப்படித்தான்: அசல் கேம் ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டும் கணக்கிடும், இந்த மாட் எல்லாக் கோள்களின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிடும், அதற்கும் காசு கிடையாது. நியூசிலாந்தின் ராக்கெட்வெர்க்ஸ் இப்போது கட்டிவரும் கிட்டன் ஸ்பேஸ் ஏஜென்சி என்ற கேம், விரும்பியவர் மட்டும் பணம் தரலாம் என்ற வழியில் போகிறது, அதையும் வளர்நிலை வெளியீடு என்று சொல்லலாம், விற்பனை என்ற சொல்லை மட்டும் அதோடு சேர்க்க வேண்டாம்.