கத்தலின் கனம் எங்கிருந்து வருகிறது?

கிட்டார் இரைச்சலும் உறுமலுமாக வரும் மெட்டல் பாட்டைக் கேட்பவர், பாடகர் தொண்டை கிழியக் கத்துகிறார் என்றுதான் நினைத்துக்கொள்கிறார். நன்றாகப் பழகிய ஒருவருக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். வாய்க்காலுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுகிற அளவுக்குக்கூடச் சிலருடைய சத்தம் எழும்பாது. அதே குரல் பாட்டாக வெளிவரும்போது நெஞ்சில் இடிக்கிறது. அந்தக் கனத்தில் தொண்டையின் பங்கு பாதிதான். மீதி மைக், அறை, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டேக்குகள் (ஒவ்வொரு தடவை பாடிய பதிவும் ஒரு டேக்). இது புரியாமல் பாடகரை “இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா” என்று விரட்டுவதால்தான் பல வீட்டு ரெக்கார்டிங்குகளில் பாட்டும் கெடுகிறது, தொண்டையும் கெடுகிறது.

பேசும்போது குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றன. ஆண்களுக்கு நொடிக்கு ஏறக்குறைய 100 முதல் 130 தடவை, பெண்களுக்கு 200 தடவை வாக்கில். அந்த ஒழுங்குதான் காதில் சுருதியாக விழுகிறது. அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு. போலிக் குரல்நாண்கள் என்பார்கள். பேச்சில் அவற்றுக்கு வேலை இல்லை. இருமும்போதும், மூச்சை அடக்கி மூட்டை தூக்கும்போதும் நெருங்கி மூடும். அடித்தொண்டை உறுமலில் அதிர்வது பெரும்பாலும் இவையும், இவற்றுக்கு மேலே உள்ள மடிப்புகளும்தான். ரஷ்யாவின் துவா பகுதியில் பாடும் கார்கிரா என்ற முறையில் உண்மையான நாண்கள் இரண்டு முறை அதிர்ந்தால் போலி நாண்கள் ஒருமுறை அதிரும். அதனால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக் கேட்கும். மெட்டல் கத்தலில் அந்தக் கணக்கு நிலையாக நிற்பதில்லை. அதிர்வு தாறுமாறாகிறது, சுருதி கரைந்து இரைச்சலாகிறது. அதனால் சுருதி திருத்தும் மென்பொருளான ப்ளக்-இன்னை இதன்மேல் போட்டுப் பயன் இல்லை.

சுருதி போனாலும் உயிரெழுத்து போகாது. ‘ஆ’வை ‘ஆ’ ஆக்குவதும் ‘ஈ’யை ‘ஈ’ ஆக்குவதும் வாயும் நாக்கும் எடுக்கும் வடிவம். கீழே இருந்து வருவது ஸ்வரமா இரைச்சலா என்பது அந்த வடிவத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. வாயை ஒரே மாதிரி திறந்துவைத்துக்கொண்டு கத்துகிறவருடைய வரிகள் புரியாமல் போவதும் இதனால்தான். எந்த ஈக்யூவாலும் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) அதைச் சரிக்கட்ட முடியாது.

தமிழில் கத்துவதற்கு ஒரு சௌகரியமும் ஒரு தொல்லையும் உண்டு. தமிழ்ச் சொற்களில் ‘க’ அழுத்தி வருகிறதா மென்மையாக வருகிறதா என்பதை அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. கத்தலில் அந்த வேறுபாடு மங்கினாலும் பொருள் மாறாது. இரட்டித்து வரும் வல்லினம் இன்னும் நல்லது: க்க, ட்ட, த்த, ற்ற. முதலில் ஒரு நொடித்துளி அடைப்பு, பிறகு ஒரு வெடிப்பு. டிரம்மோடு ஒட்டிக்கொள்ள இதைவிட வேறு என்ன வேண்டும்? தொல்லை ழ, ள, ல மூன்றிலும். ‘ழ’வைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் 2000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 2000 அதிர்வை) ஒட்டிய பகுதியில் இருக்கிறது, கிட்டார் இரைச்சல் அடைத்துக்கொண்டு நிற்பதும் அதே இடத்தில்தான். நீட்டிக் கத்த வேண்டிய இடத்தில் நெடிலும், தாளம் விழும் இடத்தில் வல்லினமும் வரும்படி வரியை எழுதிவிட்டால் குரலையும் கருவிகளையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் பாதித் தலைவலி குறையும்.

அறையும் பருவமும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வீட்டு ரெக்கார்டிங் என்றால் பெரும்பாலும் மாடியில் பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதுதான் முதல் கோளாறு. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால் 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி தங்கிச் சுழலும். இரண்டு ஜோடிச் சுவரும் அதே தூரத்தில் இருந்தால் அந்தச் சுழற்சி இரண்டு பங்கு. உறுமல் 114 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் அறை ‘ங்ங்’ என்று வாங்கிக்கொள்ளும்.

அடுத்த கோளாறு சுவர் எதிரொலி. மைக் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மூன்றடி கூடுதலாகப் பயணித்து 2.6 மில்லி செகண்ட் தாமதமாக வருகிறது. நேர் ஒலியோடு அது மோதும் இடங்கள் சுமார் 190, 570, 950 ஹெர்ட்ஸ். அங்கெல்லாம் குரலில் பள்ளம் விழும். குழாய்க்குள்ளிருந்து பேசுவது போன்ற அந்தச் சத்தம் இப்படித்தான் பிறக்கிறது.

மருந்து வீட்டிலேயே இருக்கிறது. நாலு அங்குல இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிமிர்த்தி, பாடகரின் முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும். மைக்கின் பின்னால் வைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் மைக்கின் முகம் பாடகரைப் பார்க்கிறது. அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் எதிரொலியைத்தான் அது நேராக வாங்குகிறது. மெத்தையைச் சுவரில் ஒட்டாமல் நாலு அங்குலம் தள்ளி வைப்பது முக்கியம். சுவரை ஒட்டிய காற்று அசைவதில்லை. அலைநீளத்தின் கால்பங்கு தூரத்தில்தான் அதிகம் அசைகிறது. அசையும் காற்றைத்தான் பஞ்சு பிடிக்கும். ஒட்டி வைத்தால் 850 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். இடைவெளி விட்டால் 430 வரை இறங்கும். காசில்லாமல் ஒரு ஸ்தாயி லாபம். கோரைப்பாயைச் சுவரெல்லாம் தொங்கவிடுவதில் பிரயோசனம் இல்லை. மேல்ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு அடிக்குரலின் முழக்கத்தை அப்படியே விட்டுவைக்கும். முட்டை அட்டை அதைவிட மோசம்.

ஃபேனையும் ஏசியையும் நிறுத்தியாக வேண்டும். “மியூசிக்ல மறைஞ்சிடும்” என்பது பொய்க் கணக்கு. கத்தலுக்கு 12 டெசிபெல் கம்ப்ரஷன் போட்டு, அதாவது உச்சத்தை அந்த அளவுக்கு அமுக்கி, பிறகு மொத்தத்தையும் அதே அளவுக்கு மேலே தூக்கினால், வரிகளுக்கு நடுவே ஃபேன் சத்தமும் நான்கு மடங்கு வீச்சோடு எழுந்து வரும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் தனி வில்லன். பக்கத்து அறையில் பாதி வேகத்தில் ஓடும் ஃபேன்கூட கரண்ட் வழியாக ‘டிர்ர்’ என்ற இரைச்சலை அனுப்பும். முழு வேகத்தில் வைத்தால் நின்றுவிடும். தொடர்ந்து உறுமும் 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஹம் நின்றால் எர்த்திங்கில் சிக்கல். சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் குறைந்துவிடும்.

எப்போது ரெக்கார்டிங் வைப்பது என்பதை வயல்தான் முடிவுசெய்கிறது. அறுவடைக் காலத்தில் பகலெல்லாம் இயந்திரம். சம்பா நட்ட வயல் பக்கத்தில் இருந்தால் இரவில் தவளையும் சுவர்க்கோழியும். சுவர்க்கோழியின் சத்தம் 4000, 5000 ஹெர்ட்ஸில் விழுவதால், குரலின் தெளிவு இருக்கும் இடத்தையே அது கெடுக்கும். மார்கழி விடியற்காலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தகரக் கொட்டகையில் ஐப்பசி மழை பெய்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஊர் அடங்கும் நேரம் பெரும்பாலும் கைகொடுக்கும்.

மைக், டேக்

1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57, மறு வருடம் வந்த எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் ஒன்று போதும். எஸ்எம்7பி இருந்தால் நல்லது. பேச்சுக்கு அது 60 டெசிபெல் வரை கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) கேட்கும், கத்தலுக்கு அவ்வளவு தேவைப்படாது. நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக் அறையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். அடைமழைக் காலத்தில் ஈரம் ஏறினால் பொரிகிற சத்தமும் போடும். வைத்திருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்க வேண்டும்.

உதட்டுக்கும் மைக்குக்கும் நாலிலிருந்து ஆறு அங்குலம். நடுவில் வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். மைக்கை இருபது முப்பது டிகிரி பக்கவாட்டில் திருப்பினால் ‘ப’வின் காற்று நேராக அடிக்காது. நாலு அங்குலம் எட்டு அங்குலமானால் அளவு 6 டெசிபெல் இறங்கும். கூடவே அடிக்கனமும் குறையும். ஆகவே பாடகர் உற்சாகத்தில் முன்னும் பின்னும் ஆடினால் ஒரே வரி இரண்டு ஆள் பாடியது போல வரும். கையில் பிடித்தால்தான் வேகம் வருகிறது என்பவர்களுக்குக் கையில் கொடுக்கலாம், ஆனால் வலைத் தலையைப் பொத்தக் கூடாது. வலைக்குள் பின்பக்கம் இருக்கும் துளைகள்தான் அந்த மைக்கை முன்பக்கம் மட்டும் கேட்க வைக்கின்றன. பொத்தினால் நாலாபக்கமும் கேட்கும், நடுஸ்தாயி மூக்கடைத்துக்கொள்ளும்.

ரெக்கார்டிங் மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைக்க வேண்டும். கெயின் வைக்க “ஹலோ, செக்” சொல்லச் சொல்லாமல், பாட்டிலேயே மிகக் கடுமையான வரியைக் கத்தச் சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபெல்லை (பூஜ்யம்தான் எல்லை) தாண்டாமல் வைக்க வேண்டும். டேக்கில் அது நிச்சயம் ஏறும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் கிழிந்த ஒலியைப் பிறகு தைக்க முடியாது; நமக்கு வேண்டிய கிழிசலை நாமே பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஹெட்ஃபோன். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதினார். ஹெட்ஃபோனில் கிட்டாரும் டிரம்மும் முழங்க, தன் குரல் கேட்காத பாடகர் அழுத்திக் கத்தத்தான் செய்வார். பத்து நிமிடத்தில் தொண்டை போகும். இசையை இறக்கி, குரலை ஏற்றி, ரெக்கார்டிங் சமயத்திலேயே ஹெட்ஃபோனுக்கு மட்டும் கொஞ்சம் கம்ப்ரஷனும் ரிவெர்பும் (அறை முழக்கம்) போட்டுக் கொடுத்தால், “நம்ம குரல் பெருசா இருக்கு” என்ற நம்பிக்கையில் அவர் தானாகவே அழுத்தத்தைக் குறைப்பார். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த்தான் திரும்புகிறது என்றால் பஃபரை (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் துண்டின் அளவை) 64 அல்லது 128-இல் வைக்க வேண்டும். 512 வைத்தால் ஒரு வழிக்கே 10.7 மில்லி செகண்ட் தாமதம், தாளம் வழுக்கும்.

இரண்டிரண்டு வரியாக எடுப்பது நல்லது. ஒவ்வொன்றுக்கும் டபுள் டேக்கை (அதே வரியை மறுபடி பாடிய பதிவை) அந்த இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். முழுப் பாட்டையும் முடித்துவிட்டு டபுளுக்குத் திரும்பினால் அதற்குள் தொண்டை வேறு தொண்டையாகியிருக்கும். எரிச்சலோ வலியோ வந்தால் அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

மிக்ஸிங்

முதல் வேலை கம்ப்ரஸர் இல்லை, கத்திரி. வரிகளுக்கு நடுவே வெட்டி, முனைகளில் 5 முதல் 10 மில்லி செகண்ட் ஃபேட் (சத்தத்தை மெல்லத் தேயவிடுவது). கத்தலுக்கு முந்தைய மூச்சை அடியோடு நீக்கினால் பாடகர் மனிதராகத் தெரியமாட்டார். 6 டெசிபெல் இறக்கினால் போதும். சத்தம் குறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் கேட் போட்டு இதைத் தானாக நடக்க விடுபவர்கள் வரியின் வாலை இழப்பார்கள். பிறகு சொல் சொல்லாகக் க்ளிப் கெயினில் (வெட்டிய துண்டின் சத்த அளவில்) சமப்படுத்த வேண்டும்.

கம்ப்ரஷனை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் 1967-இல் வந்த 1176 என்ற கம்ப்ரஸரின் குணமுள்ள வேகமான ஒன்று. அதன் அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 800 மைக்ரோ செகண்டுக்குள். கடைசி எல்லையில்கூட மற்ற கம்ப்ரஸர்களைவிட வேகம்தான். அதனால் அட்டாக்கை இருப்பதிலேயே மெதுவாக வைக்க வேண்டும், இல்லையென்றால் வல்லினத்தின் வெடிப்பு நசுங்கிவிடும். 4:1 அல்லது 8:1 விகிதத்தில் 6 முதல் 10 டெசிபெல் குறைத்தால் போதும். அடுத்து மெதுவான ஆப்டிகல் வகையில் இன்னொரு 3 டெசிபெல். பாட்டில் ஏற்ற இறக்கம் அதிகமில்லாத வகை என்பதால், சாதாரணப் பாட்டில் அபத்தமாகத் தோன்றும் அளவுகூட இங்கே பொருந்தும்.

ஈக்யூவில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. 250 முதல் 400 வரை அறையின் சேறு. 3 டெசிபெல் எடுக்கலாம். 2500 முதல் 4000 வரைதான் சங்கடமான இடம். காதுத் துவாரமே 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலியைப் பெருக்குவதால் கத்தல் அங்கேதான் குத்தும். பொருள் புரிவதும் அங்கேதான். ஒரேயடியாக வெட்டினால் குரல் பின்னால் போய்விடும். டைனமிக் ஈக்யூ வைத்து, குத்தும் கணத்தில் மட்டும் 3, 4 டெசிபெல் இறங்கும்படி செய்வது சரியான வழி. கிட்டார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும். அதற்கு மேலே சிம்பலைத் தவிர ஆள் இல்லாத காலி மனை. குரலை 6000-க்கு மேல் 2 டெசிபெல் தூக்கினால் கிட்டாரோடு சண்டை போடாமலே வரி தெளியும். ‘ச’வும் ‘ஸ’வும் சீறினால் சீறலை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸர்.

இன்னும் கனம் வேண்டுமென்றால் குரலின் ஒரு நகலில் டிஸ்டார்ஷன் (கிழிசல்) ஏற்றி, 300-க்குக் கீழும் 5000-க்கு மேலும் வெட்டி, அசலுக்கு அடியில் மெல்ல ஏற்ற வேண்டும். கேட்கவே கூடாது, நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைந்தது போல இருக்க வேண்டும். டபுள் டேக்குகளை இடமும் வலமுமாக 6 முதல் 10 டெசிபெல் கீழே வைக்கலாம். அவற்றில் க, ட, த போன்ற வெடிப்புகளை வெட்டிவிட்டு உயிரெழுத்தை மட்டும் விட்டுவைத்தால், மூன்று பேர் முன்பின்னாகத் தடுமாறுவது கேட்காது. ஒரே டேக்கை நகலெடுத்துத் தள்ளி வைப்பது டபுள் ஆகாது. ஒரு மில்லி செகண்ட் தள்ளிய நகலை அசலோடு கலந்தால் 500 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒழுங்காகப் பள்ளம் விழும்; சுவர் எதிரொலிக்கு அத்தனை பாடுபட்டது வீண்.

ரிவெர்ப் குறைவாக, ப்ரீ-டிலே (முழக்கம் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 30 மில்லி செகண்ட் வைத்து. டிலே (தாமதமாகத் திரும்பி வரும் எதிரொலி) வேண்டுமென்றால் 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லி செகண்ட் கிடைக்கும்: 180 டெம்போவுக்கு 333, அரைத் தட்டுக்கு 167. திரும்பி வரும் டிலேயின் மேல்ஸ்தாயியை வெட்டி, குரல் ஒலிக்கும்போது அது அடங்கும்படி வைத்தால் வரிகளின் இடைவெளியை மட்டும் நிரப்பும்.

குரலின் அளவை முடிவுசெய்வது மிகக் குறைந்த சத்தத்தில்தான். ஸ்பீக்கரை முணுமுணுப்பு அளவுக்கு இறக்கி வரி புரிகிறதா என்று பார்த்து, பிறகு ஒற்றை ஸ்பீக்கர் உள்ள மலிவான போனில் கேட்க வேண்டும். மூன்றாவது சோதனைக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். கும்பகோணம்–தஞ்சாவூர் தடத்தில் ஓடும் தனியார் பஸ்களில் பாட்டுப் போடும் செட் பலவற்றில் பேஸும் ட்ரெபிளும் எகிறி, நடு அமுங்கிக் கிடக்கும். தெரிந்த கண்டக்டர் இருந்தால் பென்டிரைவைக் கொடுத்து ஒரு பாட்டு போடச் சொல்லலாம். அங்கே உறுமல் மட்டும் முழங்கி வரி காணாமல் போனால் 100 ஹெர்ட்ஸ் வெட்டை 130-க்கு ஏற்ற வேண்டும். சீறல் மட்டும் கேட்டால் 6000-க்கு மேல் கொடுத்ததில் ஒரு டெசிபெல்லைத் திரும்ப எடுக்க வேண்டும்.