குபீரென்று ஏறும் சூடு எங்கே பிறக்கிறது?

கடலூர் முதுநகரில் மீன் விற்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: “மாசா மாசம் வர்றது நின்னு ஒரு வருஷம் ஆகப்போகுது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுல இருந்து குபீர்னு ஒரு சூடு ஏறுது. முகம், கழுத்தெல்லாம் எரியுது. வேர்த்து ஊத்துது, அப்புறம் குளிர் எடுக்குது. ஐஸ் பெட்டி பக்கத்துல உட்கார்ந்தாலும் இதே கதைதான். வெளியே போகாத கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுச்சுன்னு சொல்றாங்க. நிஜமா? இது எத்தனை நாளைக்கு இருக்கும்?”

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை. மாதவிடாயில் வெளியேறுவது கர்ப்பப்பையின் உள்சவ்வும் அதோடு சேர்ந்த ரத்தமும்தான். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தபின் அந்தச் சவ்வு பழையபடி தடித்து வளர்வதில்லை. வளராத ஒன்று எங்கே போய்த் தங்கும்? இந்த நம்பிக்கையால் எத்தனையோ பெண்கள் தங்கள் உடம்புக்குள் அழுக்கு சேர்வதாக நினைத்துக் கூசிப்போகிறார்கள். மாதவிடாயை ‘மறுபடி வரவைக்க’ யாரோ கொடுக்கும் சூரணத்தை வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பள்ளியில் படித்ததுதான்: பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பையில் பத்து லட்சத்துக்கும் மேல் கருமுட்டைகள் இருக்கின்றன. ஆயுள் முழுக்க வெளிவருவது நானூறு, ஐந்நூறுதான். மற்றவை தாமாகவே அழிந்துபோகின்றன. இருப்பு தீரும்போது ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அதுதான் மெனோபாஸ். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் வந்துவிடுகிறது.

சரி, முட்டை தீர்ந்ததற்கு முகம் ஏன் எரிய வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அந்த நேரத்தில் உடம்பின் உட்புற வெப்பநிலை காய்ச்சல்போல ஏறுவதில்லை. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் திடீரென்று விரிகின்றன. உள்ளே இருந்த வெதுவெதுப்பான ரத்தம் தோலுக்குப் பாய்கிறது. வியர்வைச் சுரப்பிகள் திறக்கின்றன. கடும் வெயிலில் நம்மைக் காப்பாற்ற உடம்பு செய்யும் அதே வேலை, வெயிலே இல்லாதபோது நடக்கிறது. வெப்பம் வெளியேறியதும் உட்புறம் சற்றுக் குளிர்ந்துவிடுகிறது. வாசகி சொன்ன அந்தக் குளிர் இதனால்தான். ஆகவே ‘சூடு பிடித்துவிட்டது’ என்பதைவிட, உடம்பு சூட்டை அவசரமாக வெளியே தள்ளுகிறது என்பதே சரி. இளநீர் குடிக்கலாம், நல்லதுதான். ஆனால் உத்தரவு வயிற்றிலிருந்து வருவதில்லை, மூளையிலிருந்து வருகிறது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. உடம்பு எந்த வெப்பநிலையில் வியர்க்க வேண்டும், எதில் நடுங்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே சாதாரணமாக ஏறத்தாழ 0.4 டிகிரி செல்சியஸ் இடைவெளி உண்டு. மெனோபாஸில் இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது. ஒரு டம்ளர் சூடான டீ, ஒரு சின்னப் பதற்றம், இரண்டு படி ஏறியது. அவ்வளவு போதும், எல்லை தாண்டிவிடும்.

இடைவெளியைச் சுருக்கியது யார்? 1979-இல் ஒரு துப்பு கிடைத்தது. ஹைப்போதலாமஸுக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்பாக வெளியிடும். ஒவ்வொரு சூட்டு அலையும் இந்தத் துடிப்போடு ஒட்டியே வருவதைக் கண்டார்கள். அப்படியானால் எல்.எச்.தான் குற்றவாளியா? பிட்யூட்டரியை அறுவை செய்து எடுத்துவிட்ட பெண்களுக்கும் இந்தச் சூடு வந்தது! ஆக, இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும் ஏதோ ஒன்று மூளையில், பிட்யூட்டரிக்கும் மேலே இருக்க வேண்டும்.

1991-இல் நயோமி ரான்ஸ் என்ற ஆய்வாளர், இறந்த பெண்களின் ஹைப்போதலாமஸை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஒப்பிட்டார். மெனோபாஸ் தாண்டியவர்களிடம் ஒரு குறிப்பிட்ட நரம்பணுக் கூட்டம் வீங்கிப் பெருத்திருந்தது. நரம்பணுக்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் நியூரோகைனின் பி என்ற பொருளைத் தயாரிக்கும் கட்டளையும் அவற்றில் பன்மடங்கு இருந்தது. சினைப்பையை வேலை வாங்கும் துடிப்பு கிளம்புவது இந்த அணுக்களிலிருந்துதான். ‘போதும்’ என்று அவற்றை அடக்கிவைப்பது ஈஸ்ட்ரோஜன். அந்தப் பதில் வராமல் போனதும், போனில் மறுமுனையில் சத்தமே கேட்காதபோது நாம் குரலை உயர்த்திக்கொண்டே போவதுபோல, இவை மேலும் மேலும் கத்துகின்றன. சினைப்பைக்கு அது கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுகிறது. அந்தப் பக்கத்து வீடுதான் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி! இந்த அணுக்களின் இழைகள் அங்கேயும் போகின்றன. நியூரோகைனின் பி-யை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் அங்கே இருக்கின்றன.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில், மாதவிடாய் நிற்காத ஆரோக்கியமான பெண்களுக்கு நியூரோகைனின் பி-யை ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே சூடு, அதே வியர்வை. 2015-இல் அது வெளியானது. 2023 மே மாதம், அந்த ஏற்பியை அடைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதில் ஹார்மோனே கிடையாது. கல்லீரலைப் பாதிக்கும் வாய்ப்பு இருப்பதால் ரத்தப் பரிசோதனையோடுதான் கொடுக்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள், வீங்கிய அணுவிலிருந்து மாத்திரைக்கு 32 வருடம். ‘இதனால் என்ன பயன்?’ என்று 1991-இல் நிதி கொடுப்பவர் கேட்டிருந்தால் யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. அடிப்படை ஆய்வுக்குப் பணம் தர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதற்காகத்தான். நம் பக்கம் கேட்க வேண்டிய கேள்விகளும் தனி. சித்திரை, வைகாசியில் கடற்காற்று வருவதற்கு முன் கடலூரில் வியர்வை தோலிலேயே நிற்கும்; ஆவியாகாத வியர்வை குளிர்ச்சி தராது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்ணுக்கும் துறைமுகத்தில் மீன் கூடை தூக்கும் பெண்ணுக்கும் இந்த அலை எப்படி இருக்கிறது என்பதைப் புதுச்சேரி ஜிப்மர்போன்ற நிறுவனங்கள் ஆராய வேண்டும். அதற்கு நிதி வேண்டும்.

வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து ஊருக்கே சொல்கிறோம். நிற்கும்போது என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்கே யாரும் சொல்வதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கப் பெண் தன்னார்வலர்கள் 2021 முதல் வீடு தேடி வருகிறார்கள். 45 தாண்டிய பெண்ணிடம், ‘தூக்கம் எப்படி, சூடு ஏறுதா?’ என்று அவர்கள் சேர்த்துக் கேட்டால் போதும், பாதி பயம் போய்விடும்.

இனி வாசகிக்கு. பருத்தித் துணி, இரவில் மின்விசிறி, டீயைக் கொஞ்சம் ஆற்றிக் குடிப்பது: இவை சிலருக்கு உதவும். தூக்கமே கெடுகிறது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இதற்கு அதிகம் பலன் தருவது இன்றைக்கும் ஹார்மோன் சிகிச்சைதான். 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அதன்மேல் பெரிய பயத்தைக் கிளப்பியது. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அது ஆகாது. கர்ப்பப்பை அறுவையில் சினைப்பையையும் சேர்த்து எடுத்தவர்களுக்குச் சூடு திடீரென்றும் கடுமையாகவும் வரும். நாற்பதுக்குள் அப்படி ஆனவர்கள் எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் கட்டாயம் ஆலோசனை பெற வேண்டும். இரவு வியர்வையோடு காய்ச்சல், இருமல், எடை குறைவும் இருந்தால் மெனோபாஸ் என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனை செய்யுங்கள், காசநோயாக இருக்கலாம்.

எத்தனை நாள் என்றால், ஆளுக்கு ஆள் மாறும். பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில் நடுமதிப்பு 7.4 வருடம், மாதவிடாய் நிற்பதற்கு முன்பே சூடு தொடங்கியவர்களுக்கு இன்னும் நீளம். முழுதாக 12 மாதம் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ‘மறுபடி வந்துடுச்சு’ என்று நினைக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும்; கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருந்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.