பால் கட்டிய மார்பைப் பிசையாதீர்கள்

"பால் கட்டிக்கிச்சு டாக்டர். ராத்திரி பூரா பிசைஞ்சு எடுத்தோம், இன்னும் அதிகமாத்தான் வீங்கியிருக்கு." மார்பக அழற்சியோடு வரும் தாய்மார்கள் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கூடவே குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு முழுக்க அடித்துப்போட்ட வலி. மார்பின் ஒரு பகுதி மட்டும் சிவந்து, சூடாகி, கெட்டிப்பட்டிருக்கும். கருத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதால், தொட்டுப் பார்த்தால் தெரியும் சூட்டையும் இறுக்கத்தையும் வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

பால் உறைந்து குழாயை அடைத்துவிட்டது, அதைப் பிதுக்கி வெளியேற்றினால் சரியாகிவிடும் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தோம். உண்மையில் நடப்பது வேறு. பால் குழாய்களைச் சுற்றியுள்ள திசு வீங்கி, அந்த நுண்ணிய குழாய்களை வெளியிலிருந்து நெருக்குகிறது. அதன்மேல் அழுத்திப் பிசைந்தால் திசுவும் சிறு ரத்தக்குழாய்களும் காயப்பட்டு வீக்கம் கூடும். "முழுசா காலி பண்ணிடுங்க" என்று பம்ப் வைத்து ஓயாமல் எடுப்பதும் தவறு. எடுக்க எடுக்க உடல் இன்னும் அதிகமாகச் சுரக்கும். தாய்ப்பாலூட்டல் குறித்த மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான தாய்ப்பால் மருத்துவ அகாடமி (Academy of Breastfeeding Medicine) 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது.

பிறகு என்ன செய்வது? குழந்தை கேட்கும்போது, இரண்டு பக்கமும் வழக்கம்போலக் கொடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் பையைப் பத்து நிமிடம் வையுங்கள், சற்று இடைவெளி விட்டு மறுபடி வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் வீக்கத்தை வடியவைப்பது குளிர்ச்சிதான். தடவியே ஆகவேண்டும் என்றால், தோல் மட்டும் அசையும் அளவுக்கு மென்மையாக, அக்குளை நோக்கித் தடவுங்கள். ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடியவை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் மட்டும் ஐபுப்ரோஃபெனுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, காய்ச்சல் வந்ததும் "அந்தப் பாலைக் குடுக்காதே, குழந்தைக்கு ஆகாது" என்று வீட்டில் நிறுத்திவிடுவது. அந்தப் பால் குழந்தையைக் கெடுக்காது. அழற்சியின்போது பாலில் சோடியம் கூடுவதால் லேசாக உப்புக் கரிக்கும், அதனால் சில குழந்தைகள் முகம் திருப்பும். அவ்வளவுதான். அப்படி மறுத்தால், ஒரு வேளைக்குக் குழந்தை குடிக்கும் அளவை மட்டும் கையால் எடுத்துவிடலாம். திடீரென நிறுத்தினால் பால் தேங்கி, சீழ்க்கட்டி வரை போகக்கூடும்.

காய்ச்சல் வந்தாலே கிருமித்தொற்று என்று அர்த்தமில்லை, வெறும் அழற்சியும் காய்ச்சலைத் தரும். அதனால் முதல் நாளே எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. 24 மணி நேரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். நிலைமை மோசமாகிக்கொண்டே போனாலோ, காம்பு வெடிப்பில் சீழ் தெரிந்தாலோ, தலைசுற்றி நிற்க முடியாமல் போனாலோ அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதற்குத் தரும் செஃபலெக்ஸின், குளாக்ஸாசிலின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டே பாலூட்டலாம். வழக்கமாக 10 முதல் 14 நாட்கள். காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் மாற்றமில்லை என்றால் எந்தக் கிருமி என்று அறியப் பாலைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். சீழ் கோத்திருந்தால் பல நேரம் ஊசியாலேயே உறிஞ்சி எடுத்துவிடலாம். அப்போதும் பாலூட்டலைத் தொடரலாம்.

வலி தணிந்தபின், குழந்தை மார்பைப் பற்றும் விதத்தை ஒருமுறை யாரிடமாவது காட்டிச் சரிபாருங்கள். குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதால்தான் பெரும்பாலும் வெடிப்பு வருகிறது. எல்லாம் ஆறிய பிறகும் ஒரு கட்டி கரையாமல் நின்றால், அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், தோல் தடித்துக் குழி குழியாகத் தெரிந்தால், பால் கட்டுதான் என்று விட்டுவிடாமல் மார்பக அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாகப் புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரும். பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே அதற்கான ஸ்கேன் எடுக்கலாம், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்யலாம்.