ஒரே சண்டை, மூன்று கணக்கு: குத்துச்சண்டைத் தீர்ப்புகள் ஏன் சர்ச்சையாகின்றன?

விழித்திரை அறுவைச் சிகிச்சை, ஓய்வு அறிவிப்பு, ஐந்தாண்டுகளில் ஒரே ஒரு சண்டை என்ற நிலையிலிருந்து திரும்பி வந்த சுகர் ரே லெனார்ட், 1987 ஏப்ரல் 6 அன்று லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பேலஸில் மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹேக்லருடன் 12 சுற்றுகள் மோதினார். மூன்று நடுவர்களில் ஒருவர் 115-113 என ஹேக்லருக்கும், இன்னொருவர் அதே 115-113 என லெனார்டுக்கும், மூன்றாமவர் 118-110 என லெனார்டுக்கும் கொடுத்தனர். ஹேக்லர் அதன்பின் மேடையேறவே இல்லை. அந்தச் சண்டையைப் பலமுறை பார்த்த ரசிகன் என்ற முறையில், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் ஒன்றிரண்டு சுற்று வித்தியாசத்தில் தீர்ப்பாகியிருக்க வேண்டிய சண்டை அது என்பதே என் கணிப்பு. 118-110 என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் அப்படியொரு கணக்கு பிறப்பதற்கு யாரேனும் விலைபோயிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

புள்ளி வழங்கும் முறையிலேயே இதற்கான வித்து இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. எதிராளியை ஒருமுறை தரையில் வீழ்த்தினால் வழக்கமாக 10-8. மூன்று நிமிடம் முழுவதும் எதிராளியை அடித்துத் துவைத்தவருக்கும், ஒரேயொரு நல்ல குத்தால் மயிரிழையில் முந்தியவருக்கும் அதே 10-9தான் கிடைக்கும். பத்து வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதியும் ஒரு லட்சம் வித்தியாசத்தில் வென்ற தொகுதியும் சட்டமன்றத்தில் ஒரே இடமாக எண்ணப்படுவதைப் போல, வெற்றியின் அளவு இங்கே தொலைந்துவிடுகிறது. 12 சுற்றுகளில் ஆறு மிக நெருக்கமானவை, மீதி ஆறு இருவருக்கும் மும்மூன்றாகப் பிரிந்தன என்று வைத்துக்கொண்டால், நெருக்கமான ஆறையும் ஒருவருக்கே தரும் நடுவரின் அட்டையில் 117-111 என்று வரும். அவற்றை மற்றவருக்குத் தரும் நடுவரின் அட்டையிலும் அதே 117-111 தலைகீழாக வரும். இரண்டுமே நேர்மையான தீர்ப்பாக இருக்கலாம்.

அந்த நெருக்கமான சுற்றுகளில் ஒரு நடுவர் ஏன் ஒரே பக்கம் சாய்கிறார் என்பதற்குக் கண்ணும் நினைவும் விடை தருகின்றன. நம் கண் கூர்மையாகக் காணும் பரப்பு ஏறத்தாழ இரண்டு பாகை மட்டுமே, அதாவது கையை நீட்டினால் கட்டை விரல் நகம் மறைக்கும் அகலத்தைப் போன்றது. பார்வை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் கணத்தில் மூளை காட்சியை அடக்கிவைக்கிறது; ஒரு குத்து புறப்பட்டுச் சேர்ந்துவிட அந்தக் கணமும் அதை ஒட்டிய ஓர் இமைப்பும் போதும். எனவே எல்லாக் குத்துகளையும் எந்த நடுவரும் பார்ப்பதில்லை. தலை பின்னால் சாய்ந்த விதம், கையுறை பட்ட ஓசை, அரங்கத்தின் கூச்சல் ஆகியவற்றைக் கொண்டு இடைவெளிகளை மூளை நிரப்பிக்கொள்கிறது. எதிராளியை எழ முடியாதபடி வீழ்த்தும் நாக்கவுட் முடிவுகளைவிடப் புள்ளித் தீர்ப்புகளில் உள்ளூர் வீரருக்குக் கிடைக்கும் சாதகம் கூடுதலாக இருப்பதை ஐரோப்பிய சாம்பியன்ஷிப் சண்டைகளைப் பற்றிய ஓர் ஆய்வு காட்டியது.

நினைவின் பங்கை லெனார்ட் நன்கு அறிந்திருந்தார். ஒரு சுற்றின் முடிவில் நடந்தது, மதிப்பெண் எழுதும் கைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே பெரும்பகுதி நேரம் நழுவிக்கொண்டே இருந்துவிட்டு, மணியடிக்கச் சுமார் 30 விநாடி இருக்கும்போது சரமாரியாகக் குத்துகளை வீசுவது அவருடைய உத்தியாக இருந்தது. எதிராளி மீது பட்ட குத்துகளை எண்ணியவர்களின் கணக்கில் லெனார்ட் 306, ஹேக்லர் 291, ஏறக்குறைய சமம். ஆனால் ஹேக்லரின் குத்துகள் சுற்று முழுவதும் பரவியிருந்தன, லெனார்டுடையவை கண்ணில் நிற்கும் இடத்தில் குவிந்திருந்தன.

உட்காரும் இடமும் தீர்ப்பை மாற்றும். மூவரும் மேடையின் வெவ்வேறு பக்கங்களில் அமர்கிறார்கள். ஒரு வீரரின் முதுகு தம் பக்கம் இருக்கும்போது அவருடைய மார்பில் விழும் குத்து அந்த நடுவருக்குத் தெரியாது. 1999 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த ஹெவிவெயிட் சாம்பியன்ஷிப் சண்டையில் லெனாக்ஸ் லூயிஸ் 348 குத்துகளைச் சேர்த்தார், இவாண்டர் ஹோலிஃபீல்ட் 130. ஆனாலும் சண்டை சமனில் முடிந்தது. லூயிஸ் வெளுத்து வாங்கிய ஐந்தாம் சுற்றைக்கூட ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்த நடுவர், காணொளிப் பதிவில் தெரிவது தம் இருக்கையிலிருந்து தெரிந்ததல்ல என்று பின்னர் கூறினார். பார்வைக் கோணம் எவ்வளவோ மறைக்கும் என்பதை ஒப்புக்கொண்டாலும், அந்த ஒரு சுற்றுக்கு அது போதுமான விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று பேர் போதவில்லை என்று ஐந்து பேரை அமர்த்தினாலும் வேறொரு சிக்கல் எழுகிறது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம், கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவைச் சந்தித்தார். முதல் சுற்றில் நால்வர் வலென்சியாவையும், அடுத்த இரண்டு சுற்றுகளிலும் மும்மூன்று பேர் மேரி கோமையும் தேர்ந்தெடுத்தனர். மூன்றில் இரண்டு சுற்றுகளில் பெரும்பான்மை பெற்றவர் 3-2 எனத் தோற்றார், ஏனெனில் சுற்றுவாரியான பெரும்பான்மை கணக்கில் வருவதே இல்லை. ஒவ்வொரு நடுவரின் மொத்தமும்தான் ஒரு வாக்காகிறது. ஐந்து நடுவர்களின் 15 சுற்றுத் தீர்ப்புகளில் எட்டு வலென்சியாவுக்கு, ஏழு மேரி கோமுக்கு. தாம் வென்றுவிட்டதாக நம்பியே மேரி கோம் மேடையை விட்டு இறங்கினார். கணிதத்தில் பிழையில்லை என்று தெரிந்த பிறகும் ரசிகனின் மனம் ஆறுவதில்லை.

இயந்திரத்தையும் முயன்று பார்த்தார்கள். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் 86 குத்துகளைச் சேர்த்த அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ், 32 மட்டுமே சேர்த்த தென்கொரிய வீரர் பார்க் சி-ஹுனிடம் 3-2 எனத் தோற்றது கண்ணின் குறையால் விளக்கக்கூடியதல்ல. அது அப்பட்டமான அநீதி. அதன் விளைவாக 1992 பார்சிலோனாவில் பொத்தான் முறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு புள்ளி. அடுத்தடுத்து விழும் நான்கைந்து குத்துகளைத் தனித்தனியாக அழுத்த விரல்களால் முடியவில்லை. வயிற்றுக் குத்துகள் பெரும்பாலும் பதிவாகவே இல்லை. வீரர்களும் அதற்கேற்ப மாறி, தூரத்தில் நின்று தலைக்கு ஒற்றைக் குத்துகளை மட்டும் வீசத் தொடங்கினார்கள். 2012 லண்டன் போட்டியோடு அம்முறை ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது.

நடுவர்களின் காதுகளை அரங்க ஓசையிலிருந்து மறைப்பதும், எதிர்ப்பக்கக் காட்சியைக் காட்டும் சிறு திரையை அவர்கள் முன் வைப்பதும், தெளிவாக ஓங்கிய சுற்றுக்கு எதிராளி விழாவிட்டாலும் 10-8 தரும் துணிவும் உடனடியாகப் பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான்காம், எட்டாம் சுற்றுகளின் முடிவில் புள்ளிகளை அறிவிக்கும் முறையை உலகக் குத்துச்சண்டை கவுன்சில் சில சண்டைகளில் பயன்படுத்தியிருக்கிறது. பின்தங்கியவர் நாக்கவுட்டைத் தேடிப் பாய அது உதவும். முன்னிலையில் இருப்பவரோ எஞ்சிய சுற்றுகளில் ஓடியே காலத்தைக் கழிக்க அதே அறிவிப்பு வழிவிடுகிறது.