புறம்போக்கு: வசவாகிப்போன பொதுநிலம்

அ-பதிவேடு பார்த்திருக்கிறீர்களா? கிராம நிர்வாக அலுவலர் மேசையில் கிடக்கும் பெரிய புத்தகம். இப்போது புல எண்ணைத் தட்டினால் இணையத்திலும் வருகிறது. நஞ்சையா புஞ்சையா, மண் வகை, பரப்பு, தீர்வை என்னும் நிலவரி, பட்டாதாரர் பெயர் என்று கட்டம் கட்டமாகப் போகும். ஊரில் எங்கள் காட்டின் எல்லையைச் சரிபார்க்க அதைத் திறந்தபோது பக்கத்துப் புல எண்ணில் கண் நின்றது. தீர்வைக் கட்டத்தில் சிறு கோடு. ஆள் பெயர் இல்லை. ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று மட்டும் இருந்தது. நாங்கள் கிட்டிப்புள் ஆடிய இடம் அது. பாட்டி சுள்ளி பொறுக்கியதும் அங்கேதான். ஆனால் ஊரில் யாரும் அதைப் புறம்போக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘மந்தை’ என்போம். ‘ஆடு எங்கே?’ ‘மந்தையில நிக்குது.’

புறம்போக்கு கணக்கெழுதியவர் வைத்த பெயர். மந்தை, அங்கே ஆடு ஓட்டியவர் வைத்த பெயர்.

புறம் என்றால் வெளி. போக்கு என்பதை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ‘போ’ என்ற தன்வினையிலிருந்து வந்ததாகக் கொண்டால் வெளியே போனது. போக்குதல், அதாவது நீக்குதல் என்ற பிறவினையிலிருந்து வந்ததாகக் கொண்டால் வெளியே தள்ளி வைத்தது. பொழுதுபோக்கில் உள்ள போக்கு இரண்டாவது வகை. என் கணிப்பில் புறம்போக்கும் அதுவே. நிலம் தானாக எங்கும் போகவில்லை. வரி போடும் நிலத்தை அளக்கும்போது, வரி போடக் கூடாததை ஒதுக்கி வைத்தார்கள். ‘பயனற்ற நிலம்’ என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை.

ஒதுக்கி வைக்கும் பழக்கமும் வெள்ளைக்காரர் காலத்தது அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த ஊர்களின் கணக்கு கல்லில் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் முதலில் மொத்தப் பரப்பு வரும். பிறகு ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அடுக்கி, அவற்றை ‘இறையிலி’ என்று கழித்துவிட்டு, மிச்சத்துக்கே வரி. இறை என்றால் வரி. இறையிலி, வரி இல்லாதது. அந்தப் பட்டியலில் சேரி தனியாக நிற்பதைக் கவனியுங்கள். ஊர்ப் பொது என்று நாம் ஏக்கத்தோடு சொல்லும் நிலத்தில் எல்லாருக்கும் எல்லா இடமும் இருந்ததில்லை. குளத்துத் துறையும் சுடுகாடும் சாதி பார்த்தே பிரிந்திருந்தன. பல ஊர்களில் இன்றும் அப்படித்தான். இதை மறைத்துவிட்டுப் பொதுநிலத்தின் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் உழுபவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்வாரி முறை வந்தபோது ஒவ்வொரு வயலும் தனித்தனியாக அளக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் பெயரும் ஒரு தீர்வையும் எழுதப்பட்டன. ஆளும் தீர்வையும் இல்லாதது புறம்போக்கு ஆயிற்று. வருவாய் வாரியத்தின் நிலை ஆணைகளில் ஆங்கிலத்துக்கு நடுவே இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் தனியார் உரிமை காட்ட முடியாத சாலை, ஓடை, ஏரி, நிலம் எல்லாம் அரசின் சொத்து என்றது. ஆக்கிரமித்தவருக்கு வரும் ‘பி மெமோ’ என்ற அறிவிப்பு இந்தச் சட்டத்தின் பிள்ளை. ஊருடையது சர்க்காருடையது ஆன இடம் இது. சொல் மாறவில்லை, சொந்தம் மாறிவிட்டது.

ஆனாலும் பதிவேட்டுக்குள்ளேயே பழைய வாழ்க்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. களம் புறம்போக்கு, தோப்பு புறம்போக்கு, ஓடை புறம்போக்கு, ஏரி புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, வண்டிப்பாதை, மந்தைவெளி. முன்னால் நிற்கும் சொல்தான் அந்த நிலம் என்ன வேலை செய்தது என்று சொல்லும். கதிர் அடித்தார்கள், பிணம் எரித்தார்கள், மாடு மேய்த்தார்கள். சென்னை மந்தைவெளியில் இன்று பேருந்துக்கு நிற்பவர்கள் ஒரு காலத்து மேய்ச்சல் தரையின் பெயரில் நிற்கிறார்கள்.

வசவானது எப்படி? சொந்தக்காரன் இல்லாத நிலம், கேட்க நாதியில்லாத நிலம். அதையே ஆள்மேல் ஏற்றினால் ‘பொறம்போக்கு’. இதில் நம் மனசு வெளிப்படுகிறது. ஒருவருக்குச் சொந்தமில்லை என்றால் ஒன்றுக்கும் உதவாதது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கூடவே ‘தரிசு’ என்ற சொல்லும் வந்து ஒட்டிக்கொண்டது. தரிசு, உழாமல் கிடக்கும் நிலம். புறம்போக்கு, உழுவதற்கென்று வைக்கப்படாத நிலம். இரண்டையும் குழப்பியதால் மேய்ச்சல் தரை ‘வெற்றிடம்’ ஆகி, தொழிற்பேட்டைக்கும் குப்பைக் கிடங்குக்கும் முதலில் கைகாட்டப்படும் இடமாயிற்று.

2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளத்தை ஆக்கிரமித்து வீடு கட்டிய வழக்கு அது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்டு ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்ட அந்தத் தீர்ப்பு, பொதுநிலத்துக்கு நாட்டில் வழங்கும் பெயர்களை அடுக்குகிறது. பஞ்சாபின் ஷாமிலாத்தோடு, தென்னாட்டுக்கு மந்தைவெளி, புறம்போக்கு, களம். நம் ஊர்ச் சொற்களை ஆங்கிலத் தீர்ப்பு மரியாதையாக எடுத்தாண்டிருப்பதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த நிலம் யாருக்குச் சோறு போடுகிறது? என். எஸ். ஜோதா என்ற பொருளியலாளர் தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் 80க்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்து 1986இல் எழுதினார். ஏழைக் குடும்பங்கள் விறகுக்கும் தீவனத்துக்கும் பொதுநிலத்தையே பெரிதும் நம்பியிருந்தன; அந்த நிலமோ 1950களிலிருந்து வேகமாகச் சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. 1998இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கில் கிராமக் குடும்பங்களில் 48 சதவீதம் பொதுநிலத்திலிருந்து ஏதாவது ஒன்றைச் சேகரித்தன. பெரும்பங்கு விறகுதான்.

கட்டுரைகளில் ‘ரெசிலியன்ஸ்’ என்று எழுதுவதற்குத் தமிழில் மீள்திறன் என்கிறார்கள். சரியான சொல்தான். ஊரில் சொல்வது ‘தாக்குப்பிடிக்கிறது’. மழை பொய்த்த வருஷம் ஒரு வீடு எப்படித் தாக்குப்பிடிக்கும்? பட்டா நிலம் காய்ந்துவிடும். மேய்க்காலில் கொழுக்கட்டைப் புல் காய்ந்தாலும் வெள்வேல் நெற்று உதிரும். ஆடு அதைத் தின்று ஓட்டிவிடும். பிரண்டையும் கோவைக்காயும் வேலியில் கிடைக்கும். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகையை அடகு வைக்கலாம், வட்டி ஏறும். ஆட்டை விற்றால் வட்டி கிடையாது. காணி நிலம் இல்லாத வீட்டிலும் நாலு ஆடு நிற்பதற்குக் காரணம், தீர்வைக் கட்டத்தில் கோடு போட்ட அந்தப் புல எண்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பாதிக்கும் கீழே போனது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அதே நேரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றச் சொன்னது. பொதுநில மீட்பு என்று எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான். நீரை உறிஞ்சுகிறது, புல்லை முளைக்கவிடாது, கண்மாய்க்குள் இறங்க முடியாது. குற்றச்சாட்டுகளில் பல உண்மை. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தின் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் போனால் அதே மரம் கரிமூட்டம். விறகை அடுக்கி, மேலே தழை போட்டு மண்ணால் மூடி, உள்ளே தீ வைத்து, நாள்கணக்கில் புகையவிட்டுக் காத்திருப்பார்கள். எங்காவது மண் விரிந்து காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும் என்று ராத்திரியும் ஒருவர் காவல் இருப்பார். தூர்க்கட்டைக் கரிக்கு விலை அதிகம். நெல்லும் மிளகாயும் போன வருஷத்தில் அரிசி வாங்கியது அந்தக் கரிக்காசு. சில மாதங்களில் அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது.

அதனால் மரம் இருக்கட்டும் என்று சொல்லவில்லை. எடுக்க வேண்டும்; எந்தப் பக்கம் முதலில், எடுத்த இடத்தில் என்ன புல், அது வேர்பிடிக்கும்வரை கரிக்காரருக்கும் ஆட்டுக்காரருக்கும் என்ன வழி என்று அவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். 1980களின் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் நாட்டுக் கருவேல் நட்டு வளர்த்தார்கள். மரம் ஏலம் போனபோது ஊராட்சிக்குக் காசு வந்தது, நல்லதுதான். கன்று பிழைக்கும்வரை ஆட்டை வெளியே நிறுத்தியது மேய்ப்பவர் கணக்கில் மட்டும் நட்டம். புல்வெளியை மரத்தால் நிரப்பினால் அது காடு ஆகலாம், மேய்க்கால் ஆகாது.

2020 ஊரடங்கில் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர் திரும்பியவர்களுக்குக் கிடைத்தது நூறுநாள் வேலை. தமிழ்நாட்டில் அந்த ஆண்டுக் கூலி நாளுக்கு 256 ரூபாய். நாடு முழுதும் 2020–21இல் சுமார் 389 கோடி மனித நாள்கள், அதுவரை இல்லாத அளவு. வரத்துக்கால் தூர்வாரல், குளக்கரை, ஊரணி என்று அந்த மண்வெட்டிகளில் பல விழுந்தது புறம்போக்கில்தான். கூலி அந்த மாதத்துக்கு. வெட்டிய வாய்க்கால் ஒழுங்காக இருந்தால் தண்ணீர் அடுத்த வருஷத்துக்கு.

இனி, சரியான தமிழ்ச்சொல் எது? புறம்போக்கு தமிழ்ச்சொல்தான், மாற்று தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘காமன்ஸ்’ என்பதற்கு அது ஈடாகுமா என்றால், ஆகாது. புறம்போக்கு வரி இல்லை என்று மட்டும் சொல்கிறது. உரிமை யாருக்கு என்று சொல்லவில்லை. அதற்குப் பொதுநிலம், தண்ணீரும் மரமும் மீனும் சேர்ந்தால் பொதுவளம். பேச்சில் ‘ஊர்ப்பொது’ போதும். முல்லை நிலத்தைச் சங்கப் பாடல்கள் ‘புறவு’ என்றன. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயருக்குப் ‘பொதுவர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. பொதுநிலத்தால் வந்த பெயர் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நினைக்க ஆசையாக இருக்கிறது. ‘ரெஸ்டொரேஷன்’ என்பதற்கு மீட்டெடுப்பு. ஆக்கிரமிப்பை அகற்றுவது ‘மீட்பு’ மட்டுமே. புல் திரும்ப முளைத்த பிறகு மீட்டெடுப்பு என்று எழுதலாம்.

அதிகாரியிடம் மனு எழுதும்போது மட்டும் பதிவேட்டுச் சொல்லையே எழுதுங்கள்: புல எண், பரப்பு, மேய்க்கால் புறம்போக்கு. மந்தை என்று எழுதினால் எந்த மந்தை என்று கேட்பார்கள்.