கைவிட்ட ரயில் பாதையில் மிஞ்சுவது நிலம்

போக்குவரத்துத் திட்டப் பணிக்காக இராமேசுவரம் செல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "பழைய தனுஷ்கோடி லைன் சும்மாதானே சார் கிடக்கு, அதுலயே மறுபடி ரயில் விட்டால் என்ன?" கேட்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்கே சென்றது. இராமேசுவரத்துக்குப் போனது கிளைப் பாதைதான். தனுஷ்கோடித் துறையில் இறங்கிய பயணி கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து கொழும்புக்கு மறுபடியும் ரயில் பிடித்தார். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல், பயணிகளோடு ஒரு ரயிலையே வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு அந்தப் பாதை சீரமைக்கப்படவில்லை. புதிய பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கைவிடப்பட்ட பாதை என்றதும் நாம் தண்டவாளத்தையும் பாலத்தையும்தான் நினைக்கிறோம். உப்புக்காற்றில் இரும்பு எத்தனை காலம் நிற்கும் என்பதை இந்தக் கரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரும்பு போனாலும் அடியில் இருக்கும் நிலம் போகாது. பெரிய வளைவோ செங்குத்தான ஏற்றமோ இல்லாமல், ஊரின் நடுப்பகுதி வரை அறுபடாமல் நீளும் அத்தகைய நிலப்பட்டையை இன்று புதிதாக எடுக்க வேண்டுமானால் எத்தனை வீடுகளை இடிக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓய்ந்துபோன ஒரு ரயில் பாதையின் நிலத்தை 1990-இல் போக்குவரத்து நிர்வாகம் வாங்கிவைத்தது. அதில் நகர ரயில் ஓடத் தொடங்கியது 2012-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நிலம் துண்டுபடாமல் கிடந்ததே பாதி வேலை.

நம் கடலோர ஊர் ஒன்றில், மூடப்பட்டுப் பல ஆண்டுகளான ஒரு மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள) பக்கப் பாதையை அளக்கப் போயிருந்தேன். புல வரைபடத்தில் அது முழுதாகவே இருந்தது. நேரில் பார்த்தால் ஒரு முனையில் டீக்கடை, அடுத்து வலை காயப்போடும் கொட்டகை, நடுவே பட்டா வாங்கிக் கட்டிய வீடுகள். டீக்கடையையும் கொட்டகையையும் பேசி நகர்த்திவிடலாம். அந்த வீடுகள் வந்த அன்றே பாதை இரண்டாகிவிட்டது. இரு பக்கமும் எவ்வளவு நிலம் மிஞ்சியிருந்தாலும் பயனில்லை. ஒரு பேருந்துத் தடத்துக்கு மூன்றரை மீட்டர் அகலம் போதும் என்பதால், துண்டுபட்டிருக்காவிட்டால் அந்தப் பட்டையே தாராளம்.

ஒற்றைத் தடத்தில் பேருந்து எப்படி ஓடும் என்று அன்று ஊராட்சியில் கேட்டார்கள். வடகிழக்கு ஜப்பானில் 2011 சுனாமி அழித்த கெசென்னுமா ரயில் பாதையில் பல கிலோமீட்டருக்குத் தண்டவாளத்தை மீண்டும் போடாமல், பழைய மண்மேட்டின் மேல் தார்ச்சாலை அமைத்து 2012-இலேயே பேருந்து விட்டார்கள். எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்க ஆங்காங்கே இடம் உண்டு; மண்மேடு சிதைந்துபோன இடங்களில் பேருந்து பொதுச் சாலையில் இறங்கி ஓடும். ரயிலால் முடியாத இன்னொன்றும் உண்டு: சுனாமி எச்சரிக்கை வந்தால் ஓட்டுநர் வண்டியை மேட்டு நிலத்துக்குத் திருப்பிவிடலாம்.

தனுஷ்கோடி விஷயத்தில் நான் தயங்குவது அந்தக் கடைசிக் காரணத்தால்தான். அங்கே திரும்புவதற்கு மேடு ஏது? இருபுறமும் கடல், நடுவே மணல் திட்டு, திரும்பி வர ஒரே சாலை. அந்தத் திட்டில் இரண்டாவதாக ஒரு பாதை போடுவதைவிட, தனுஷ்கோடிக்கு முன்பே வரும் முகுந்தராயர் சத்திரத்தில் தனி வாகனங்களை நிறுத்திவிட்டு, 2017-இல் திறந்த சாலையிலேயே திட்டின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சிற்றுந்துகளை அடிக்கடி விடுவதையே நான் பரிந்துரைப்பேன். புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்காவது அப்போது கையில் இருக்கும்.