அடிக்காத அடி

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 2 ஆண்டுகளுக்கு முன் தோட்டத்திலேயே இதயம் நின்று விழுந்து, உடன் வேலை செய்தவர் நெஞ்சை விடாமல் அழுத்தியதால் பிழைத்து, திருவனந்தபுரத்தில் ஐ.சி.டி. கருவி, அதாவது இதயத்துடிப்பு தடம்புரண்டால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி, பொருத்திக்கொண்டு வந்தவர் அவர். சென்ற மாதம் ஓர் இரவு, கண் அயரும் நேரத்தில் நெஞ்சில் பேரடி விழுந்திருக்கிறது. கருவியைச் சோதித்த மருத்துவரோ, அது அடிக்கவே இல்லை என்கிறார். "அப்படியானால் என்னை அடித்தது யார்?" என்பது கேள்வி. வீட்டார் தங்களுக்குத் தெரிந்த விடையைக் கண்டு, கையில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டார்கள்.

மாரடைப்பு என்பது இதயத்தின் இரத்தக்குழாயில் வரும் அடைப்பு. இதய நிறுத்தம் பல நேரங்களில் மின்கோளாறு. இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்க, இரத்தம் வெளியேறாமல் போகிறது. தோளுக்குக் கீழே தோலடியில் இருக்கும் கருவி அந்த நடுக்கத்தைச் சில நொடிகளில் கண்டுகொள்கிறது. அதன் பிறகு நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை வாசித்தாலும் அலுக்காதது. அதன் மின்கலம் ஏறத்தாழ 3 வோல்ட்டுதான். நடுக்கத்தை அடக்கவோ 700, 800 வோல்ட் வேண்டும். ஆகவே கருவி மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, சிரட்டையில் பால் சொட்டுவதுபோல, மின்தேக்கியில் சேர்க்கிறது. 10 நொடி அளவில் அது நிரம்பியதும், நடுக்கம் இன்னும் தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏறத்தாழ நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் மொத்தத்தையும் கவிழ்த்துவிடுகிறது. அதிகம் போனால் 40 ஜூல், அதாவது 4 கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்கும் ஆற்றல். ஆனால் மார்புத் தசைகள் ஒருசேரச் சுருங்குவதால் உதை வாங்கியதுபோல் இருக்கும். இப்படி அடித்த ஒவ்வொரு முறையையும் நேரத்தோடும் துடிப்பின் வரைபடத்தோடும் கருவி பதிந்துவைக்கிறது. எனவே பதிவு இல்லையென்றால் அடி இல்லை.

வாசகரும் பொய் சொல்லவில்லை. இதை மாய அதிர்ச்சி எனலாம். மருத்துவ உலகம் நன்கறிந்தது. பெரும்பாலும் இரவில், உறக்கத்தின் விளிம்பில் வரும். மனப்பதற்றம் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. அடுத்த அடிக்காகக் காத்திருக்கும் மூளை, உறங்கப்போகும் உடலின் சாதாரணத் துள்ளலையே அடியாகப் படித்துவிடுகிறது என்பது என் ஊகம்.

கருவியை உருவாக்கிய மிரோவ்ஸ்கிக்கு முதலில் பணம் தரப் பலரும் தயங்கினார்கள். 1980இல் பால்டிமோரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய பிறகே உலகம் நம்பியது. இன்று நெஞ்சுக்குள் கருவி வைக்க லட்சக்கணக்கில் செலவிடுகிறோம். வைத்துக்கொண்டவரின் பயத்தைக் கேட்க ஒரு நாற்காலிகூடப் போடுவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கயிறு வந்து உட்காருகிறது. கயிற்றால் கருவிக்குக் கேடில்லை. அதை நம்பிச் சோதனைக்குப் போகாமலிருப்பதே கேடு. ஓர் அடி விழுந்து உடல் நலமாக இருந்தால் மருத்துவமனைக்குத் தெரிவித்துக் கருவியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து விழுந்தாலோ, மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தாலோ உடனே போக வேண்டும்.

மருத்துவர் பதிவைக் காட்டியும் தெளியாத இவருடைய மனம், மார்த்தாண்டத்தில் அதே கருவியோடு வாழும் மீன் வியாபாரி ஒருவர், "எனக்கும் ரெண்டு தடவ வந்துது அண்ணே, கேட்டியளா" என்றபோதுதான் சற்று அடங்கியதாம். இருட்டில் நெற்றி விளக்கோடு தனியே தோட்டத்துக்குள் இறங்கத்தான் இவருக்குப் பயம். அதனால் முதல் மரத்தில் கத்தி வைக்குமுன் அந்த மீன் வியாபாரிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார். குளச்சல் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் மற்றவர் அந்நேரம் எப்படியும் விழித்திருப்பார்.